ஏலம் கேட்டுவிட்டு வராமல் போகிறவர்கள்: 14 மாத அனுபவம்

தாணேயில் இருக்கும் என் தோழி போன வாரம் போன் செய்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டு கும்பகோணத்துக்கே போய்விடப் போகிறார்கள். "நீ பழைய சாமானெல்லாம் ஆன்லைன்ல ஏலம் விட்டியே, எப்படி இருந்துச்சு? நானும் போடட்டுமா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, அதுவும் கோபமாக இருந்த பாதி. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

மாட்டுங்காவில் எங்கள் சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்குப் போனது. புதுக் கட்டடம் வரும்வரை சயானில் வாடகை வீடு. மாமனார் காலத்திலிருந்து 50 வருஷமாகச் சேர்ந்த சாமான்கள் இங்கே இருக்கும் ஒன்றரை அறைக்குள் அடங்காது. பழைய சாமான் வாங்கக் கீழே வந்த பங்கார்வாலா (காயலான் கடைக்காரர்) எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொன்னார். அந்த விலையைக் கேட்டதும் மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் என் மகன் பழம்பொருள் சேகரிப்பவர்களின் பேஸ்புக் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டான். கூடவே மும்பைக்குள் மட்டும் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு வாட்ஸப் குழுவிலும். இரண்டிலும் முறை ஒன்றுதான். படம் போட்டு, தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும் என்று எழுத வேண்டும். கீழே கமென்ட்டில் கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசி 5 நிமிஷத்தில் யாராவது கேட்டால் இன்னொரு 5 நிமிஷம் நீளும். இதுவரை 11 சாமான்கள் விட்டிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது.

மாமனாரின் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. பாடி இருபது வருஷம் இருக்கும். பின்பக்க அட்டை உடைந்து, உள்ளே எலி ஒரு காலத்தில் குடியிருந்த அடையாளம் வேறு. எதையும் மறைக்காமல் அப்படியே எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் எட்டுப் படம் எடுத்துப் போட்டேன். அதோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டிய காலம் அது. 1980-களின் நடுவில்தான் அந்த முறை ஒழிந்தது. கட்டியதற்கு அடையாளமாகப் புத்தகத்தில் தனி ஸ்டாம்ப் ஒட்டி, மேலே வட்ட முத்திரை குத்துவார்கள். எடைக்குப் போடும் ரத்திப் பேப்பரோடு போட எடுத்து வைத்ததை, ரேடியோவோடு சேர்ந்தது என்பதால் ஒரு படம் எடுத்துக் கடைசியில் சேர்த்தேன், அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் ஒருவர் கேட்டார்: "புத்தகத்தைத் தனியாக விடுவீர்களா? உள்பக்கங்களைக் காட்ட முடியுமா?" ஒவ்வொரு பக்கமாக விரித்துப் பிடித்துப் படம் எடுத்தேன். அப்போதுதான் நானே முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன். மாட்டுங்கா தபால் ஆபீஸ் முத்திரை, வருஷம் தவறாமல். ஒரே ஒரு வருஷம் மட்டும் மை கலங்கி, தேதி தெரியவில்லை. ஓரத்தில் மாமனார் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தார், "கட்டியாச்சு" என்று. ஸ்டாம்ப் சேகரிப்பவர்களிலேயே இந்த மாதிரி கட்டண ஸ்டாம்ப்களை மட்டும் தேடுகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 100 ரூபாயில் தொடங்கியது ஞாயிறு இரவு 9:20 வரை நீண்டு 2,650-ல் நின்றது. ரேடியோவே 1,900-க்குத்தான் போனது! எடுத்தவர் உடனே பணம் அனுப்பினார். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். கிடைத்ததும், ஆல்பத்தில் அதற்கு ஒதுக்கிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பென்சில் எழுத்தை அழிக்கவில்லை என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பணத்தால் வந்ததல்ல.

ஏலத்தின் பலமே இதுதான். விலை தெரியாத சாமானுக்கு விலை தெரிந்தவர்கள் வந்து சேர்வார்கள். நானாக விலை போட்டிருந்தால் அந்தப் புத்தகத்துக்கு 50 ரூபாய்கூடப் போட்டிருக்க மாட்டேன். அதே மாதிரி ஒரு வெண்கல உருளி. பாத்திரக்கடையில் எடைக்கு எடை பழைய உலோக விலை, அதிலும் கழிவு போகத்தான் தருவேன் என்றார்கள். ஏலத்தில் செம்பூரிலிருந்து ஒரு அம்மா அதை உருளியாகவே வாங்கிக்கொண்டு போனார், எடை என்ன என்றே கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் புதிதில்லை. 2000-ல் இதே மும்பையில் தொடங்கிய பாஸி டாட் காம் என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் அவர் அந்தக் காலத்திலேயே கேமரா லென்ஸ் விற்றவர். 2004-ல் அதை ஈபே வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது, 2018 ஆகஸ்டில் கடையை மூடிவிட்டார்கள். அங்கே நான் தருவேன் என்கிற உச்ச விலையை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம், வெளியே யாருக்கும் தெரியாது. 2,000 வரை என்று நீங்கள் சொல்லி, அடுத்தவர் 1,200-ல் நின்றுவிட்டால், 1,200-க்குக் கொஞ்சம் மேலே உங்களுக்கு முடிந்துவிடும். ராத்திரி கண் விழித்துக் காவல் காக்க வேண்டாம். பைசாபே என்று ஒரு ஏற்பாடு வேறு இருந்தது, வாங்குகிறவர் பணத்தை முதலில் நடுவில் கட்டிவிடுவார். முக்கியமானது, ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண் இருக்கும், இதுவரை எத்தனை பேரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார் என்று. இன்றைக்குக் கமென்ட்டில் கேட்கிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. பெயர்கூட உண்மையா என்று தெரியாது.

இதில்தான் என் 14 மாத எரிச்சல் முழுவதும் இருக்கிறது. ஏலம் கேட்டு, ஜெயித்து, அதன் பிறகு வராமல் போகிறவர்கள். 11-ல் 4 முறை!

கிரைண்டர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்த பழைய மாடல், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். விற்பதற்காகவே 450 ரூபாய் கொடுத்து பெல்ட் மாற்றினேன். வாட்ஸப் குழுவில் 1,000-க்குத் தொடங்கி 2,300-க்கு ஒருவர் எடுத்தார். இரண்டாவதாக நின்ற அம்மா 2,200 கேட்டிருந்தார். எடுத்தவர் ஞாயிறு காலை 11 மணிக்கு டெம்போவோடு வருவதாகச் சொன்னார். ஓட்டிக் காட்டாமல் கிரைண்டரை விற்கக் கூடாது என்று காலையிலேயே நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் ஊறப் போட்டேன். கல்லைக் கழுவித் துடைத்து வைத்தேன். கேட் வாட்ச்மேனிடம் டெம்போ வரும் என்று சொல்லி வைத்தேன். 11:30-க்குப் போன் செய்தால், "சிக்னல்ல இருக்கேன் ஆன்ட்டி, பத்து நிமிஷம்." 12:15-க்கு, "டிராஃபிக்." ஒரு மணிக்கு எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு போன் சுவிட்ச் ஆஃப். மறுநாள் பார்த்தால் குழுவிலிருந்தே வெளியேறியிருந்தார்.

அரிசியை சாயங்காலம் நானே அரைத்தேன். அது போகட்டும், அன்றைய பொழுது போனதும் போகட்டும். என்னைக் குத்தியது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டாவதாக நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, "அவர் வரலை, நீங்க கேட்ட 2,200-க்கே எடுத்துக்கறீங்களா?" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க, அது உங்க ஆளா?" விலையை ஏற்றிவிட நானே ஒருவரை உட்கார வைத்தேனா என்கிறார். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் பெல்ட் மாற்றிய ரசீதைக்கூடப் படம் எடுத்துப் போட்ட எனக்கு அதைக் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. வராமல் போனவருக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருந்த நான் ஏமாற்றுக்காரி ஆனேன். அந்த அம்மாவிடம் என்ன சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

மாட்டுங்காவில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பல வருஷம் ஏலச்சீட்டு போட்டிருக்கிறோம். மாசம் ஒருமுறை யார் வீட்டிலாவது உட்கார்ந்து, யார் எவ்வளவு தள்ளி எடுக்கிறார்கள் என்று கேட்போம். மூன்று தரம் சொன்ன பிறகு ஒருத்தி "இல்லை, சும்மா கேட்டேன்" என்று சொன்னதே கிடையாது. அவளுடைய மாமியாரை எனக்குத் தெரியும், என் அம்மாவை அவளுக்குத் தெரியும், காய்கறிக் கடையில் மறுநாள் முகம் பார்க்க வேண்டும். ஏலம் என்பதே அந்த முகத்தின் மேல் நிற்கிற விஷயம். ஊரில் கோயில் ஏலத்திலும் குத்தகை ஏலத்திலும் முன்பணம் கட்டாதவனை உள்ளே விடமாட்டார்கள். அரசாங்க நிறுவனமான எம்எஸ்டிசி ஆன்லைனில் கழிவு இரும்பு ஏலம் விடும்போதும் கேட்கிறவர்கள் முன்பணம் வைக்க வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வைத்து நடக்கிற ஏலம் இந்தக் குழுக்களில் மட்டும்தான்.

நானும் முன்பணம் கேட்டுப் பார்த்தேன். 1,000 ரூபாய்க்கு மேல் போகும் என்று தெரிகிற சாமானுக்கு, கேட்பதற்கு முன் 100 ரூபாய் அனுப்புங்கள், கிடைக்காதவர்களுக்கு அன்று இரவே திருப்பிவிடுகிறேன் என்று எழுதினேன். தேக்கு ஈசி சேருக்கு மூன்றே பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு என்னைப் பற்றி அதே பயம், 100 ரூபாயை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேனோ என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வந்த மூன்று பேரில் எடுத்தவர் சொன்ன நேரத்துக்கு வந்து, கயிறு கட்டி, சேரைத் தூக்கிக்கொண்டு போனார். விலை கொஞ்சம் குறைவுதான். எனக்கு அது போதும்.

தோழிக்காக ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஏலம் போட்ட அன்றே தனி மெசேஜில் ஒருவர் வருவார். ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்கவே வேண்டாம், முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பார். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். தனி ஆட்கள் ஒருவருக்கொருவர் யுபிஐயில் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது க்யூஆர் கோடைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு மூன்று பேர் வந்தார்கள், மூவரையும் பிளாக் செய்தேன்.

நியாயமாகச் சொன்னால் 7 சாமான்கள் ஒரு சிக்கலும் இல்லாமல் போயின. அந்த ஏழு பேரும் சொன்ன விலையைத் தந்தார்கள், சிலர் நன்றியும் சொன்னார்கள். செலவெல்லாம் போக பங்கார்வாலா சொன்னதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கைக்கு வந்தது. கணக்கைப் பார்த்தால் தாராளமாகப் போடு என்றுதான் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. "அது உங்க ஆளா?" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆள் வந்து தூக்கிப் போக வேண்டிய எந்தச் சாமானையும் நான் இனிமேல் ஏலம் விடப் போவதில்லை.

கிரைண்டர் கடைசியில் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில், மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் அக்காவிடம் போனது. 1,500 ரூபாய், பேரமே இல்லை. அவரும் அவர் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிக்கட்டில் இறக்கினார்கள். அன்று இரவே ஓடுகிற சத்தம் மேலே கேட்டது.

தோழிக்கு நேற்று இப்படித்தான் மெசேஜ் அனுப்பினேன்: "பீரோ, கட்டில், கிரைண்டர் எதையும் ஏலத்தில் போடாதே, சொசைட்டிக்குள்ளேயே கேட்டுப் பார். உன் மாமனாரின் பழைய காகிதக் கட்டு ஏதாவது பரணில் இருந்தால் மட்டும் ரத்திவாலாவிடம் போடுவதற்கு முன் எனக்குப் படம் அனுப்பு. பக்கம் பக்கமாக, ஜன்னல் பக்கத்தில் வைத்து எடு."