விரல் நுனியை மடக்கச் சொல்லாமல் தையல் போட வந்தால் எழுந்துவிடுங்கள்

அமெரிக்காவில் சின்னக் காயத்துக்கு நேரடியாகப் போய்ப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் கை வெட்டுக்குத் தையல் போட உட்காரும்போது, மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு விரல் நுனியையும் தனியாக மடக்கச் சொல்லிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்டும் செய்யாவிட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு வேறு இடம் போங்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் செலவானது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். டிஷ்வாஷர் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அதன்மேல் அம்மாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணாடி டம்ளருக்குள் ஸ்பாஞ்சோடு விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது டம்ளர் பிளந்தது. ஆள்காட்டி விரலின் உள்பக்கம், அடி ரேகைக்கும் நடு ரேகைக்கும் இடையில் குறுக்காக ஒரு வெட்டு. ஒரு ரூபாய்க் காசின் அகலம்கூட இருக்காது. கையைத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது.

எமர்ஜென்சிக்குப் போகாததற்குக் காரணம் பயம்தான். காயத்தைப் பற்றிய பயம் இல்லை, பில்லைப் பற்றிய பயம். அம்மாவுக்கு நான் எடுத்திருந்தது விலை குறைந்த விசிட்டர் இன்சூரன்ஸ். ஒரு தடவை டாக்டரைப் பார்த்தால் இவ்வளவுதான் தருவோம் என்று வரம்பு கட்டிய வகை. இங்கே கடைத்தெருக்களில் ஆஸ்பத்திரியோடு சேராமல் தனியாக நிற்கும் எமர்ஜென்சி ரூம்களும் உண்டு. பார்க்க அர்ஜென்ட் கேர் மாதிரியே இருக்கும், பில் மட்டும் பெரிய ஆஸ்பத்திரி பில். அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, வெட்டுக்காயம், எக்ஸ்ரே, தையல் எல்லாம் உண்டு என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்த ஒரு கிளினிக்குக்குள் நுழைந்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

கவுன்டரில் 195 டாலர் கார்டில் தேய்த்தார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, விசிட்டுக்கு இவ்வளவு, மற்றது பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர் டாக்டர் இல்லை, டாக்டரின் மேற்பார்வையில் சிகிச்சை தரும் பிசிஷியன் அசிஸ்டன்ட். அது குற்றமில்லை, தையல் போட அவர்களுக்குப் படிப்பும் அனுமதியும் உண்டு. மரியாதையாகத்தான் பேசினார். அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அம்மா என்னிடம், "எய்யா, உள்ள நரம்பு அந்துட்டோ என்னமோ, விரலு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். நரம்பு என்றால் நெர்வ். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பஞ்சால் விரல் நுனியைத் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றாள் அம்மா. நெர்வ் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

நம் ஊர்ப் பேச்சில் ரத்தக் குழாயும் நரம்புதான், உணர்ச்சி நரம்பும் நரம்புதான், தசையை எலும்போடு கட்டி விரலை இழுக்கும் நாணும் நரம்புதான். அம்மா சொன்னது அந்த மூன்றாவதை. டெண்டன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை சோதித்திருப்பார். ஆனால் நான் சொல்லித்தான் அவருக்குத் தோன்ற வேண்டுமா? விரலின் உள்பக்கம் கண்ணாடி கிழித்திருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தானாம். மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸ்களின் பணம் வாங்கும் இடங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். தொலைபேசியில் தமிழுக்கும் ஆள் கிடைப்பார்கள். நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் டெக்னீஷியன் இல்லை, எப்படியும் கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். உண்மையில் தெரியும். கண்ணாடி எந்த நிறமாக இருந்தாலும், 2 மில்லிமீட்டர் துண்டாக இருந்தாலும் பெரும்பாலும் தெரியும். தெரியாமல் போவது மரத்துண்டும் பிளாஸ்டிக்கும்தான். ஒளி ஊடுருவும் பொருள் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று எனக்கும் தோன்றியதால் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, சலைனைக் கொஞ்சம் ஊற்றி, மூன்று தையல். சிரிஞ்சில் நிரப்பி வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதற்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்பதும் பிறகுதான். டெட்டனஸ் தடுப்பூசி போட்டார்கள். கடைசியாக எப்போது போட்டது என்று அம்மாவுக்கு நினைவில்லை என்பதால் அது சரியான காரியம். அன்றைக்கு அங்கே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான் என்பேன்.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். இந்த முறை பிசிஷியன் அசிஸ்டன்ட்கூட வரவில்லை. சிகிச்சை முடிவெடுக்கும் படிப்பில்லாத மெடிக்கல் அசிஸ்டன்ட் பெண் ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்தாள். அம்மா விரலை நீட்டிக் காட்டி, "நுனி மடங்க மாட்டேங்கு" என்றாள். சொன்னேன். கட்டுப் போட்டிருந்ததால் விறைத்திருக்கும், வெந்நீரில் முக்கி மடக்கிப் பழகச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாள். என் கோபம் முதல் நாளைவிட இந்தப் பத்தாம் நாளின் மேல்தான் அதிகம். அன்றைக்குக்கூட நேரம் இருந்தது.

ஐந்தாவது வாரம் தழும்புக்குப் பக்கத்தில் ஏதோ குத்துகிறது என்றாள். வேறொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடி. அங்கிருந்து கை அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் அம்மாவின் விரலைப் பிடித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். நடு மூட்டு மடங்காதபடி இரண்டு விரலால் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்குங்கள் என்றார். அம்மா முகத்தைச் சுளித்து முக்கினாள். நுனி அசையவே இல்லை. மொத்தமே ஐந்து விநாடி. இதற்கு மெஷின் வேண்டாம், டெக்னீஷியன் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையிலும் செய்யலாம்.

கட்டை விரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் உள்பக்கமாக இரண்டு நாண்கள் ஓடுகின்றன. ஒன்று நடு மூட்டை மடக்கும். அடியில் ஓடும் மற்றொன்று நுனி வரை போய் நுனியை மடக்கும். அடி நாண் மட்டும் அறுந்தால் நடு மூட்டு மடங்கிக்கொண்டுதான் இருக்கும். சும்மா கையை மூடச் சொன்னால் பார்வைக்கு விரல் மடங்கிவிடும், ஏமாந்துவிடுவோம். உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுத்துண்டு வரைக்கும் இரண்டு நாணும் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. தைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த இடத்துக்கு அறுவை மருத்துவர்கள் நோ மேன்ஸ் லேண்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் வெட்டு சரியாக அங்கே.

முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் அறுந்த இரு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்திருக்கலாம் என்றார். இப்போது மேல் முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விட்டது. மணிக்கட்டிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு நாணை எடுத்து, சில மாத இடைவெளியில் இரண்டு ஆபரேஷன், அதற்கு மேல் பிசியோதெரபி. ஊருக்குத் திரும்பியதும் மாமா சென்னை ஸ்டான்லிக்கு அழைத்துப்போனார், அங்கே கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவர்களும் அதையேதான் சொன்னார்கள். 66 வயதில் ஒரு விரல் நுனிக்காக இரண்டு ஆபரேஷனா என்று அம்மா மறுத்துவிட்டாள்.

இனி பில். 195 போக, இன்னும் 612 டாலர் கட்டு என்று வந்தது. வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்கினேன். 12042 என்று ஒரு எண். அது 2.6 முதல் 7.5 சென்டிமீட்டர் வரையுள்ள கை, பாதம் போன்ற இடங்களின் காயத்தை அடுக்கு அடுக்காகத் தைத்தாலோ, அழுக்கு மண்டிய காயத்தை வெகுநேரம் சுத்தம் செய்து தைத்தாலோ போடும் குறியீடு. சாதாரணமாக மேல்தோலை மட்டும் தைத்த, 2.5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட வெட்டுக்கு 12001. கூடவே மருத்துவக் குறிப்புகளின் நகலையும் அம்மாவின் கையெழுத்தோடு கேட்டேன். கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். அதில் காயத்தின் நீளம் 3.5 சென்டிமீட்டர். விரலில் குறுக்காக விழுந்த வெட்டு அவ்வளவு நீளம் என்றால் பாதி விரலைச் சுற்றிப் பின்பக்கம் போயிருக்க வேண்டும். அக்காவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய காயத்தின் படம் என்னிடம் இருந்தது, அதைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் குறியீட்டை மாற்றிப் பணத்தைக் குறைத்தார்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை, ஏதோ தயவு பண்ணிக் குறைத்த மாதிரி 'கர்ட்டஸி அட்ஜஸ்ட்மென்ட்' என்று இருந்தது.

என்னை உலுக்கியது பணம் இல்லை. அதே குறிப்பில், 'எல்லா விரல்களும் முழுமையாக மடங்கி நீள்கின்றன, டெண்டன்கள் நன்றாக உள்ளன, அந்நியப் பொருள் எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருந்தது. யாரும் மடக்கச் சொல்லவில்லை, யாரும் தேடவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிரம்பும் வாசகமாக இருக்க வேண்டும். நகல் வாங்கும்போது பில்லோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தப் பக்கத்தையும் வாங்கிப் படியுங்கள். முடிந்தால் கிளினிக்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.

கண்ணாடி, கத்தி எது கிழித்தாலும் மரத்துப்போகும் ஊசிக்கு முன்னால் நுனி மூட்டையும் நடு மூட்டையும் தனித்தனியாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், விரலின் இரு ஓரத்திலும் தொடு உணர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். மடங்குகிறது, ஆனால் எதிர்த்து அழுத்தினால் சுரீரென வலிக்கிறது என்றாலும் பாதி அறுந்திருக்கலாம். கிளினிக்கில் வசதி இல்லையென்றால் கை அறுவை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி எழுதி வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் நரம்பு என்று சொன்னால் எந்த நரம்பு என்று ஒரு தடவை கேட்டுவிட்டு மொழிபெயருங்கள்.

மருத்துவர்களுக்கு லைசென்ஸ் தரும் டெக்சாஸ் மெடிக்கல் போர்டில் புகார் போட்டிருக்கிறேன், குறிப்பின் நகல், படங்கள், எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து. கிடைத்தது என்று ஒரு கடிதம் மட்டும் வந்திருக்கிறது. மேற்கொண்டு ஏதாவது வந்தால் சொல்கிறேன்.