ஜிம்ப் 3.0: எல்லாம் நன்றாக இருக்கிறது, பெயரைத் தவிர

ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணினியில் படம் திருத்தவும் போஸ்டர் செய்யவும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள், யாரோ தந்த பழைய மடிக்கணினிகள் ஏழு. மாதாமாதம் சந்தா கட்டி ஃபோட்டோஷாப் எடுக்க வசதியில்லை. அதனால் ஆறு வருடமாக, படம் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்ப்தான். 2025 மார்ச்சில் 3.0 வந்ததும் ஏழு கணினியிலும் போட்டேன். இதற்கு முந்திய பெரிய பதிப்பான 2.10 வந்தது 2018இல். இத்தனை வருடம் காத்திருந்தது வீண்போகவில்லை.

முன்பெல்லாம் ஒரு படத்தை மங்கலாக்கினால் அது படத்தோடு ஒட்டிப்போய்விடும். அரை மணி நேரம் கழித்து "கொஞ்சம் குறைத்திருக்கலாம்" என்று தோன்றினால், அதற்குப் பிறகு செய்த வேலையையும் சேர்த்து அழித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். இப்போது மங்கலாக்குவது போன்ற ஃபில்டர், லேயர் என்கிற அந்தப் பட அடுக்கோடு தனியாக நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து அளவை மாற்றலாம், கண் அடையாளத்தை அமத்தி மறைக்கலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பயமில்லாமல் எதையும் செய்து பார்க்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எழுத்து. பொங்கல் விழா போஸ்டருக்கு மஞ்சள் எழுத்து, சுற்றிவரச் சிவப்புக் கரை. இதற்கு முன்னர் எழுத்தைத் தெரிவு செய்து, அந்தத் தெரிவைப் பெருப்பித்து, கீழே இன்னொரு லேயர் போட்டுச் சிவப்பை நிரப்ப வேண்டும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினால் அவ்வளவும் திரும்ப முதலிலிருந்து. 3.0இல் எழுத்துக் கருவியிலேயே கரை போடலாம், சொல்லை மாற்றினால் கரையும் கூடவே மாறுகிறது. யூனிகோட் தமிழும் உடையாமல் வருகிறது. 'பொ'வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், அது அது அதனதன் இடத்தில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகிய என் தலைமுறைக்கு அந்த நிம்மதி விளங்கும்.

குறையும் உண்டு. 'சேமி' என்று கொடுத்தால் ஜிம்ப்பின் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'ஏற்றுமதி'க்குப் போக வேண்டும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை தடுமாறுவார்கள். அச்சகத்துக்கான நான்கு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய இன்னும் வழியில்லை, ஏற்றுமதி செய்யும்போதுதான் மாற்றலாம். எங்கள் வேலைக்கு அது போதும்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். ஒரு காலில் தாங்கி போட்டு நடப்பவன். திரையில் மென்பொருள் திறந்து பெயர் பெரிதாக வந்தபோது பின்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்.

"பள்ளிக்கூடத்திலை இவனை அந்தச் சொல்லாலைதான் கூப்பிடுறாங்கள், மாஸ்டர். இஞ்சையும் அதைக் கேக்க வேணுமோ?"

ஆங்கிலத்தில் அந்தச் சொல் கால் ஊனமானவரை இழித்துச் சொல்லும் வசை. நாங்கள் 'நொண்டி' என்று ஒரு மென்பொருளுக்குப் பெயர் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுப்போமா? அதோடு ஆபாசமான இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பிள்ளை அந்தச் சொல்லை மட்டும் படத் தேடலில் போட்டால் என்ன வரும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கனடாவில் கோடை முகாம்களில் பிள்ளைகள் பின்னுகிற பிளாஸ்டிக் நாடாவுக்கும் இதே பெயர் உண்டு என்பது உண்மை. ஆனால் அன்றைக்குச் சிரித்த பிள்ளை நாடாவை நினைத்துச் சிரிக்கவில்லை.

1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும், இதைத் தொடங்கினார்கள். அதற்கு முதல் வருடம் வந்த ஓர் அமெரிக்கப் படத்தின் பாத்திரத்தை நினைத்து வைத்த பெயர். மாணவர்கள் விளையாட்டாக வைத்ததை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்தும் அதுவே நிற்பதுதான் மனதைக் குடைகிறது. பெயரை மாற்றுவீர்களா என்ற கேள்விக்குத் திட்டத்தின் அதிகாரபூர்வப் பதில், மரியாதையோடு, இல்லை என்பதுதான். பிடிக்காதவர்கள் 'க்னூ இமேஜ் மானிப்புலேஷன் புரோகிராம்' என்ற முழுப்பெயரைச் சொல்லலாமாம், வேறு பெயரில் தாங்களே வெளியிடலாமாம். அப்படியும் சிலர் செய்தார்கள். 2019இல் ஜிம்ப்பின் நிரலை எடுத்து, 'கிளிம்ப்ஸ்' என்ற பெயரில் தனியாகப் பிரித்து வெளியிட்டார்கள். வேலை செய்ய ஆள் போதாமல் 2021இல் அது நின்றுபோனது. பெயரை மட்டும் மாற்றுவதற்காக ஒரு முழு மென்பொருளையே தனியாகத் தூக்கிச் சுமக்கச் சொன்னால் யாரால் முடியும்?

மாற்ற முடியாத பெயர் என்று ஒன்றில்லை. வலையமைப்புப் போக்குவரத்தை ஆராயும் 'எதீரியல்' என்ற மென்பொருள் 2006இல் 'வயர்ஷார்க்' ஆனது, இன்றைக்குப் பழைய பெயரை யார் நினைக்கிறார்கள்? ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பெயருக்கு வருமுன் பீனிக்ஸ், ஃபயர்பேர்ட் என்று இரண்டு பெயர் மாறியது. அவை பெயர் உரிமைச் சிக்கல்களால் மாறியவை என்பது தெரியும். ஆனால் பிரான்சில் பிறந்த 'காக்' என்ற கணித நிரூபண மென்பொருள், ஆங்கிலக் காதில் அசிங்கமாக விழுகிறது என்பதாலேயே 'ராக்' ஆனது. ஜிம்ப் 3.0 வந்த அதே 2025இல்தான் புதுப்பெயரில் அதன் முதல் பதிப்பும் வந்தது.

இலவசமாகக் கிடைப்பது யாருக்கு அதிகம் தேவை? பள்ளிக்கூடத்துக்கு, நூலகத்துக்கு, எங்களைப் போன்ற சனிக்கிழமை வகுப்புக்கு. விண்ணப்பத்தில் மென்பொருளின் பெயரை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டிய இடங்கள் இவை. இப்போது நான் அறிவிப்புகளில் முழுப்பெயரை எழுதுகிறேன். ஏழு கணினியிலும் முகப்பு ஐகானின் பெயரை 'படம்' என்று மாற்றிவிட்டேன். தொடக்கத்தில் வரும் படத்தையும் வராமல் செய்துவிட்டேன். வரைவதற்கு மட்டும் என்றால் 'கிரிதா' இருக்கிறது, சுவீடன் மொழியில் வண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல், கேட்கவே இனிமை. ஆனால் புகைப்படம் திருத்த எனக்கு ஜிம்ப்தான் கைக்கு வருகிறது.

பையன் இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாவது கிழமை வந்து, ஐகானைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். இந்த வருடப் பொங்கல் போஸ்டர் அவன் செய்தது. சிவப்புக் கரையை எட்டு முறையாவது மாற்றியிருப்பான்.

மாசியில் தாய் தொலைபேசி எடுத்தார். "மாஸ்டர், வீட்டிலையும் அதைப் போடவேணும் எண்டு நிக்கிறான். என்ன பேர் அடிச்சுத் தேடுறது?" அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பென்டிரைவில் போட்டு அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.