இரட்டைச் சுவர் ஆர்கன் பாத்: வாங்குமுன் கண்ணாடியைப் பாருங்கள்

ஆர்கன் பாத் என்பது வெட்டியெடுத்த திசுவை வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டு, மருந்து பட்டால் அது எப்படிச் சுருங்குகிறது என்று பதியும் கருவி. கால்நடை மருந்தியல் ஆய்வகத்துக்கு அதை வாங்குவோர் டிரான்ஸ்டியூசருக்கும் (சுருக்கத்தை மின்சைகையாக மாற்றும் உணரி) மென்பொருளுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, குடல் துண்டு தொங்கப்போகும் கண்ணாடிக் கலத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பதிவு கெடுவதோ பெரும்பாலும் அங்கேதான்.

அன்றாட வேலைக்கு 10 மி.லி. கலம் தோது. 0.1 மி.லி. மருந்து விட்டால் ஏறத்தாழ 100 மடங்கு நீர்க்கும்; கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். 25 மி.லி. கலம் பெரிய தசைப்பட்டைகளுக்கு. மருந்தும் கரைசலும் அதில் மளமளவென்று தீரும்.

முதலில் பார்க்க வேண்டியது முன்சூடேற்றும் சுருள், அதாவது கரைசல் கலத்துக்குள் போகுமுன் சூடேறும் சுருள்குழாய். அது கலத்தைவிட அதிகம் கொள்ள வேண்டும். சிறிதாக இருந்தால், கழுவும்போது பின்னால் வரும் கரைசல் சூடேறாமலே தசைமேல் விழும். பதிவின் அடிக்கோடு (மருந்து இல்லாதபோது வரும் கோடு) நகரும். மருந்து இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடி கழுவுவீர்கள். மறுபடியும் குளிர்ந்த கரைசல்தான் வரும். இந்தக் குறையை எந்த மென்பொருளும் திருத்தாது.

கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) நுழையும் வழி இரண்டு வகை. நுண்துளைக் கண்ணாடி வட்டு பொடிக் குமிழிகளைத் தரும், ஆக்சிஜன் நன்றாகக் கரையும். ஆனால் சளியும் உப்பும் அடைத்துக்கொள்ளும், முந்தைய மருந்தும் தங்கிவிடலாம். நுண்குழாய் வகையைக் கழுவுவது சுலபம், குமிழி பெரிது. மாணவர்கள் பலர் கைவைக்கும் இடமென்றால் இரண்டாவதே மேல். வாங்கும்போதே 1 கிராம் எடையை டிரான்ஸ்டியூசரில் தொங்கவிட்டு, வாயுவைத் திறந்து, பதிவுக் கோடு நடுங்குகிறதா என்று பாருங்கள்.

கலத்தின் இரு சுவர்களுக்கிடையே வெந்நீரை ஓடவிடும் சர்குலேட்டர் 37 டிகிரி காட்டினாலும் கலத்துக்குள் அதைவிடக் குறைவாக இருக்கலாம். குழாயில் வெப்பம் போய்விடும். கலத்துக்குள்ளேயே வெப்பமானியை விட்டு அளந்து, அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். எலிக் கருப்பைக்கு டி ஜாலோன் என்ற உப்புக்கரைசலில் 30 டிகிரியை ஒட்டி வைப்பது வேறு விஷயம்: தன்னியல்பான சுருக்கத்தை அடக்க வேண்டுமென்றே குறைப்பது அது.

திசுவை வைக்கும் உப்புக்கரைசலான கிரெப்ஸ் கரைசல் பால்போல் கலங்கினால் கலத்தைக் குறை சொல்லாதீர்கள். கார்போஜன் குமிழியிட்ட பிறகு, கால்சியம் குளோரைடைத் தனியே கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். கலங்கியதைக் கொட்டிவிடுங்கள். இரு சுவர்களுக்கிடையே காய்ச்சி வடித்த நீர் மட்டும்; குழாய்த் தண்ணீர் ஓடினால் உப்புப் படிந்து, உள்ளே தொங்கும் திசுவே மங்கலாகத்தான் தெரியும்.