கூத்துக்கு ஒரு சுவரொட்டி: மயிலாப்பூர் வடிவமைப்பகம் ஒன்றின் வேலை

எங்கள் தெருக்கூத்து விழாவுக்கான சுவரொட்டியை மயிலாப்பூரில் மூன்றே பேர் நடத்தும் சிறிய வடிவமைப்பகத்திடம் ஒப்படைத்தோம். இணையப் படங்களை ஒட்டித் தராமல், ஒப்பனை அறைக்கே வந்து அமர்ந்து, துரியோதனன் வேடத்தின் கிரீடத்தையும் புஜக்கீர்த்தி என்னும் தோளணியையும் பென்சிலால் வரைந்துகொண்டு போன ஓவியரின் அக்கறை சுவரொட்டியில் அப்படியே தெரிகிறது. கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகளைக்கூட அவர் விட்டுவிடவில்லை. தலைப்பையும் கையாலேயே எழுதியிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஒரே குறை, திரையில் ஒளிர்ந்த சிவப்பு, 420 × 594 மில்லிமீட்டர் கொண்ட ஏ2 தாளின் மாதிரி அச்சில் மங்கிவிட்டது. திரைக்குரிய ஆர்ஜிபி வண்ணத்தை அச்சுக்குரிய சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றும்போது இப்படி நேர்வதுண்டு என்றாலும், அதை அவர்கள் முன்பே கவனித்திருக்க வேண்டும். கூடுதல் கட்டணம் கேட்காமல் மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள்.