காந்தல்லூர் பூண்டுத் தோட்டத்தில் இரண்டு இரவுகள்: மண்குடிலுக்குப் போகலாம், கூடாரத்துக்கு வேண்டாம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், காந்தல்லூருக்கு மேலே, ஒரு பூண்டு விவசாயி தன் சொந்தத் தோட்டத்துக்குள் இரண்டு மண்குடில்களையும் மூன்று கூடாரங்களையும் அமைத்து வாடகைக்கு விடுகிறார். சென்ற ஐப்பசிக் கடைசியில் நாங்கள் ஆறு பேர் அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். என் மனைவி, மகள், மைத்துனரின் மனைவி ஆகியோர் குடிலிலும், நானும் மைத்துனரும் அவருடைய மகனும் கூடாரத்திலும் படுப்பது என்று ஏற்பாடு. முதல் இரவு ஒரு மணிக்குப் பிறகு ஆறு பேரும் ஒரே குடிலில் படுத்தோம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இரண்டே குடில் வைத்துப் பிழைக்கும் ஒரு மனிதரின் பெயரைப் போட்டுக் குறை எழுத மனம் வராததால், இடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டு மாவட்டத்திலிருந்து இடுக்கி மாவட்டத்துக்குப் போவதற்கு எங்களுக்கு வசதியான வழி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத்தான். கேரளத்திலிருந்து கிளம்பி, தமிழ்நாட்டில் தேநீர் குடித்து, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். உடுமலையிலிருந்து மறையூர் சுமார் 40 கிலோமீட்டர்; அதில் பாதி தூரம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும், அதன் மறுகரையில் உள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தையும் ஊடுருவிச் செல்லும் காட்டுச் சாலை. மாலை நான்கு மணிக்குள் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடும் கணக்கோடு கிளம்புவது நல்லது. இருட்டில் அந்தச் சாலை யானைகளுடையது.

மறையூரிலிருந்து காந்தல்லூர் மேலும் 15 கிலோமீட்டர் ஏற்றம். காந்தல்லூர் வரை சாலையில் குறையில்லை. ஆனால் "கார் வாசல் வரை வரும்" என்று விளம்பரத்தில் எழுதியிருந்ததை நம்பிப் போன எங்களுக்கு, கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான ஜீப் தடம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. காரை ஒரு கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு நடைக்கு 400 ரூபாய் வீதம் போக வர ஜீப்புக்குக் கொடுத்தோம். தொகை பெரிதல்ல, முன்பே சொல்லியிருக்கலாம்.

குடிலைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே குறை குறைவு. பச்சைச் செங்கல் அடுக்கி மண் பூசி, தரையைச் சாணமிட்டு மெழுகியிருக்கிறார்கள். மேலே தகரத்தைப் போட்டு, அதன்மேல் தைலப்புல் வேய்ந்திருக்கிறார்கள். தகரம் மட்டும் என்றால் மழையில் பேச முடியாது, புல் மட்டும் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்தது பட்டறிவுள்ளவர் செய்த வேலை. சின்னாற்றுப் பகுதியின் பழங்குடிக் குடியிருப்புகளில் வீடு வேயவும், தைலம் காய்ச்சவும் இதே புல்லைத்தான் பயன்படுத்துவார்கள். உள்ளே நுழைந்ததும் எலுமிச்சை வாசம் லேசாக வருகிறது. அரை மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது, பிறகு கம்பளியின் பூச்சி உருண்டை வாசம்தான் மிச்சம். சுவர் முக்கால் அடி கனம் இருக்கும். வெளியே விரல் மரத்துப்போகும் குளிரிலும் உள்ளே ஒரு போர்வை போதுமானதாக இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு, வலை இல்லை. ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட். நான்கு கைபேசிகளுக்கு அது எப்படிப் போதும் என்று மகள் கேட்டாள். சிக்னலே இல்லாத இடத்தில் அது பெரிய கேள்வியாக இருக்கவில்லை.

கழிப்பறை குடிலோடு சேர்ந்ததல்ல. எண்ணிப் பார்த்தேன்: வாசலிலிருந்து முப்பத்து நான்கு அடி எடுத்து வைக்க வேண்டும், அதில் பதினொரு கற்படிகள், படிகளில் பாசி. சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஓடு பதித்து, வாளியும் கோப்பையும் பளிச்சென்று இருந்தன. வழிக்கு விளக்கு இல்லை என்பதுதான் என் வருத்தம். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத் தங்கலுக்குப் போயிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காந்தல்லூரிலும் தோட்டங்களுக்குள் யானை இறங்குவது புதிதல்ல. உரிமையாளரிடம் கேட்டதற்கு, "சோலார் வேலி இருக்கு சார், இந்த வருசம் ஒண்ணும் உள்ள வரல" என்றார். வேலி இருந்ததை நானும் நடந்து பார்த்தேன். ஆனால் கீழ்ப்பக்கத்தில் ஒரு கம்பி செடிகொடியோடு உரசிக்கொண்டிருந்தது. அப்படி உரசினால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதற்கப்பால் வேலிக்கு வீரியம் இருக்காது. மறுநாள் காலையில் அவரே அரிவாளோடு போய்ச் சுத்தம் செய்தார். இத்தகைய தோட்டத் தங்குமிடங்களுக்குப் போகிறவர்கள் அறையின் படங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி எப்படி, வேலியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும்.

இனிக் கூடாரம்.

முன்பதிவு செய்யும்போது மழையைப் பற்றிக் கேட்டேன். "இது மழை மறைவுப் பகுதி சார், மூணாறு மாதிரி இல்ல, பயப்படாம வாங்க" என்றார். மூணாற்றில் கொட்டும் ஆடி மழை மலையைத் தாண்டி மறையூர்ப் பக்கம் வருவதற்குள் வடிந்துவிடுகிறது. சின்னாற்றின் கிழக்குச் சரிவில் ஆண்டு மழையே சுமார் 500 மில்லிமீட்டர்தான். அந்த வகையில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச மழையிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பெய்கிறது. மறைவு என்பது தென்மேற்கு மழைக்குத்தான். ஐப்பசியில் அடைமழை என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நான், 'மழை மறைவு' என்ற சொல்லைக் கேட்டதும் மாதத்தை மறந்தது என் தவறு. மாதத்தைக் கேட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னது அவர் தவறு.

தோட்டம் முழுவதும் படிப்படியாக வெட்டிய நிலம். கூடாரம் ஒரு படியின் உள்ளோரத்தில், மேல்படியின் வரப்பை ஒட்டி அடிக்கப்பட்டிருந்தது. காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று அங்கே போட்டதாகச் சொன்னார். காற்று உண்மையில் அடிக்கவில்லை. ஆனால் மேல்படியில் விழுந்த மழை முழுவதும் அந்த வரப்பின் அடியில் கசிந்து எங்கள் தலைமாட்டுக்கு வந்தது. கூடாரத்துக்கு அடியில் விரித்திருந்த தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரியது; நான்கு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரியும் இந்த ஏற்பாடுதான் மழையில் முதல் எதிரி: நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் விழும் நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், தார்ப்பாயின் மேலேயே ஓடி, கூடாரத்தின் அடிப்பக்கம் போய்த் தேங்கும். தார்ப்பாயின் விளிம்பைக் கூடாரத்துக்கு உள்ளடங்கும்படி மடித்து விட வேண்டும். மேல்துணியையும் இழுத்துக் கட்டவில்லை. இழுகயிறுகள் சும்மா கிடந்தன. நனைந்து தொய்ந்த மேல்துணி உள்துணியைத் தொட்ட இடங்களில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. பன்னிரண்டரைக்கு மைத்துனர் எழுந்து, "மாமா, என் முதுகு நனைஞ்சிருக்கு, பையன் வேலையா பாருங்க" என்றார். பையன் வேலை இல்லை. அவனுக்குப் பத்து வயது, அவமானத்தில் அழுதுவிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தபோது என் செருப்பு வாசல் பக்கம் மிதந்துகொண்டிருந்தது.

காலையில் வெளியே வந்து பார்த்ததுதான் எனக்கு மறக்கவில்லை. எங்கள் கூடாரத்திலிருந்து நான்கடி தள்ளி அவருடைய பூண்டுப் பாத்திகள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு சாண் உயரம் எடுத்து, நடுவே வாய்க்கால் விட்டு, வரப்பின் ஓரத்தில் தனியாக ஒரு வடிகால் வெட்டி, இரவு பெய்த மழை முழுவதையும் வேலிப்பக்கம் கொண்டுபோய் விட்டிருந்தார். ஒரு நாற்றும் சாயவில்லை. நீர் எங்கே வரும், எங்கே நிற்கும் என்பது அவருக்கு எங்களைவிட நூறு மடங்கு தெரியும். அந்த அறிவைப் பூண்டுக்குக் கொடுத்தவர் விருந்தாளிக்குக் கொடுக்கவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பாத்தியையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நெசந்தான் சார்" என்றார்.

தண்ணீர் மேலே ஓர் ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் வழியாக வருகிறது, மோட்டார் கிடையாது. இரண்டாம் நாள் காலை அது நின்றுபோனது. காட்டுப்பன்றி ஓஸை மிதித்துக் கழற்றிவிட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் சரியானது. குளிக்க வெந்நீர் ஓர் அண்டாவில் விறகு மூட்டிக் காய்ச்சித் தருகிறார்கள், ஆளுக்கு ஒரு வாளி.

சாப்பாட்டுக்காக மட்டுமே அந்த இடத்துக்கு மறுபடி போகலாம். சமைப்பவர் உரிமையாளரின் அக்கா. முதல் இரவு புழுங்கலரிசிச் சோறும் பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும். மலைப்பூண்டின் பல் சிறியது, தோல் உரிப்பதற்குள் நகம் வலிக்கும், காரமும் மணமும் மிக அதிகம். காந்தல்லூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது செய்தியில் படித்தது. அது எதற்கு என்பதை அந்தக் குழம்பில்தான் தெரிந்துகொண்டேன். முழுப் பல்லாகப் போட்டு, நாக்கில் வைத்தால் கரையும் வரை வேகவிட்டு, கடைசியில் ஒரு துண்டு மறையூர் வெல்லம் சேர்க்கிறார். மைத்துனரின் மனைவி செய்முறை கேட்டதற்கு, "நம்ம பூண்டு இருந்தா யாரு செஞ்சாலும் வரும் கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காலையில் மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்னும் துவையலும். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கிடைக்கும் பரோட்டாவை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

தோட்டத்தின் விளம்பரப் படத்தில் ஆப்பிள் தொங்குகிறது. ஆப்பிள் இங்கே காய்ப்பது உண்மை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் போனால்தான் மரத்தில் பார்க்கலாம். நவம்பரில் இலைகூடச் சரியாக இல்லை. மகள் மூன்று மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தீ மூட்டித் தருவதற்குத் தனியாக 500 ரூபாய். எரிப்பது கிராண்டிஸ் விறகு. அந்த யூகலிப்டஸ் வகை மலைநீரை உறிஞ்சிவிடுகிறது என்று ஊரே குறைப்படுவதால், அதை எரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. தீக்குழியைச் சுற்றிக் கல் அடுக்கி, இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பற்ற வைத்தார். மாசி, பங்குனியில் தீ கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாராம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகும் காய்ந்த புல்வெளியில் தீ மூட்டித் தரும் இடங்கள் இருக்கும்போது, இந்தக் கண்டிப்புக்காக நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். ஒன்பது மணிக்கு மேல் ஸ்பீக்கருக்கும் அனுமதியில்லை. காந்தல்லூருக்கு 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராம விருது கிடைத்த பிறகு கூட்டம் பெருகியிருப்பதாக ஊரில் சொல்கிறார்கள். எதிர்மலையிலிருந்து இரவு பதினொன்று வரை குத்துப்பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கட்டணம்: குடிலுக்கு இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய், கூடாரத்துக்கு 1,100. குடிலுக்கு அது தகும். கூடாரத்துக்கு, மழை இல்லாத மாதத்தில்கூட, இப்போதுள்ள நிலையில் தகாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அந்தப் பாசிப்படிகளை நம்பி அழைத்துப் போக வேண்டாம். திரும்பும்போது மறையூரில் வெல்லம் வாங்குவதானால், சாலையோரக் கடையைவிட்டு, கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருக்கும் ஆலைக் கொட்டகைக்கே போய், கண்ணெதிரே உருண்டை பிடிப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் வெல்லமும் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

கிளம்பும்போது முதல் இரவுக்கான கூடார வாடகையை நாங்கள் கேட்காமலேயே கழித்துக்கொண்டார், சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வரப்பை ஒட்டிப் புதிதாக வாய்க்கால் வெட்டி, கூடாரத்தைப் படியின் நடுவுக்கு நகர்த்தியிருக்கிறார். இழுகயிறுகளும் முளையில் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. தார்ப்பாய் மட்டும் இன்னும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.