“என்-0 இருக்கு சார்” என்று சொல்லி மாட்டிவிடும் டயர்: போர்ஷே 718 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் ஒரு 718 கேமன். 19 இஞ்ச் ரிம். பின்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டதால் மாற்றப் போனார் உரிமையாளர். அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் அளவு முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 265/40 ஆர்19. கடையில் மாட்டி அனுப்பியது 265/35 ஆர்19. கேட்டதற்கு வந்த பதில்: “அகலம் அதேதான் சார், ரிம்மும் அதேதான். அஞ்சு பாயிண்ட்தான் கம்மி, பார்க்க இன்னும் ஸ்போர்ட்டியா இருக்கும். கேமன் டயர்தான் இது, என்-0 கூட இருக்கு பாருங்க.”

சொன்னதில் முக்கால்வாசி உண்மை. 265/35 ஆர்19 கேமனுக்கு வந்த டயர்தான், ஆனால் 2012-ஓடு நின்றுபோன 987 தலைமுறைக்கு. அதில் முன்னால் 235/35, பின்னால் 265/35. அடுத்து வந்த 981-இலும் 718-இலும் டயரின் மொத்த உயரமே கூடிவிட்டது. என்-0 போன்ற ‘N’ முத்திரை என்பது, போர்ஷே தன் மாடல் ஏதோ ஒன்றில் அந்த டயரைச் சோதித்து ஏற்றுக்கொண்டது என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த மாடல் என்று அது சொல்லாது.

அந்த “அஞ்சு பாயிண்ட்” மில்லிமீட்டர் அல்ல. 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 40, 35 எல்லாம் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்கு எளிது: அகலத்தை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ரிம் இஞ்சை 25.4-ஆல் பெருக்கி வந்ததோடு கூட்டினால் டயரின் விட்டம்.

265/40 ஆர்19: 212 + 482.6 = 694.6 மி.மீ.
265/35 ஆர்19: 185.5 + 482.6 = 668.1 மி.மீ.

இருபத்தாறரை மில்லிமீட்டர் வித்தியாசம், 3.8 சதவீதம். இதே 718-க்கு 18 இஞ்ச் ரிம்மில் 265/45, 20 இஞ்ச்சில் 265/35 வரும். போட்டுப் பாருங்கள்: 695.7, 693.5. ரிம் மாறினாலும் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். சார்ட்டில் “718 – 265/35” என்ற வரியைக் காட்டி அதை 19 இஞ்ச் ரிம்மில் ஏற்றுகிற கடையும் உண்டு. அந்த வரி 20 இஞ்ச்சுக்கு உரியது.

இனி இதனால் என்ன ஆகும். பின்பக்கம் 13 மி.மீ. இறங்கும். நம்மூர் வேகத்தடையில் 13 மி.மீ. என்பது அடி உரசுகிற அளவு. மீட்டர் 100 காட்டும்போது கார் ஓடுவது 96. ஓடோமீட்டரும் கூட்டித்தான் எண்ணும். மீட்டரில் 10,000 கி.மீ. ஏறும்போது நிஜத்தில் ஓடியது சுமார் 9,600.

இவற்றைவிட மோசமானது முன் பின் விகிதம். 718-இல் முன் டயர் 670.6, பின் டயர் 694.6. அதாவது பின் சக்கரம் எப்போதும் முன் சக்கரத்தைவிட மூன்றரை சதவீதம் மெதுவாகச் சுற்ற வேண்டும்; ஏபிஎஸ்ஸும், கார் வழுக்காமல் பிடிக்கும் போர்ஷேயின் பிஎஸ்எம்மும் அதை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை. 35 போட்டதும் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட ஒரு பொட்டு வேகமாகச் சுற்றும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பின் சக்கரம் ஓயாமல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரியும், காரணமில்லாமல் பவர் குறையும், உண்மையிலேயே வழுக்கும்போது அது எடுக்கும் முடிவை நம்ப முடியாது. “மூணு பர்சென்ட் வரைக்கும் ஓகே” என்ற பொது விதி, நான்கு சக்கரமும் ஒரே அளவில் உள்ள கார்களுக்குச் சொன்னது. நிஸான் ஜிடி-ஆர் மாதிரி நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும் கார் என்றால் சேதம் டிரான்ஸ்மிஷன் வரை போகும்: அதில் 255/40 ஆர்20, 285/35 ஆர்20 என்று எழுத்தில் வேறு வேறாக இருந்தாலும் விட்டம் 712, 707.5, வேண்டுமென்றே நெருக்கமாக வைத்தது.

கேமன் கதைக்கு வருவோம். பிஎஸ்எம் விளக்கு எரிந்ததும் அதே கடை வீல் அலைன்மென்ட் செய்து தனியாகக் காசு வாங்கியது. சரியாகவில்லை. அடுத்து வீல் ஸ்பீடு சென்சார் போயிருக்கும் என்றார்கள். டயர் விட்டம் தப்பானால் அலைன்மென்ட்டோ சென்சாரோ அதைச் சரிசெய்யாது. பில்லைப் பார்த்தால் “போர்ஷே 19 டயர் – 2” என்று மட்டும் இருந்தது. அளவு இல்லை, தயாரிப்பு வாரம் இல்லை. இது மறதியாக நடப்பதில்லை.

“லோடு இண்டெக்ஸ் அதே 98 சார்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். லோடு இண்டெக்ஸ் என்பது டயர் தாங்கும் எடைக்கான குறியீடு; 98 என்றால் ஒரு டயருக்கு 750 கிலோ. சரிதான், ஆனால் 265/40-இல் சாதாரண டயரே 98. 265/35-இல் கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் வகைதான் 98. சாதாரண டயர் அந்த எடையை 2.5 பார் காற்றில் தாங்கும், எக்ஸ்எல்லுக்கு 2.9 பார் வேண்டும். கதவுத் தூணில் எழுதியிருக்கும் காற்றழுத்தத்தையே அதிலும் பிடித்தால் நிஜத்தில் தாங்கும் எடை குறைவு. டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தையும் விடாதீர்கள்: ஒய் என்றால் மணிக்கு 300 கி.மீ., டபிள்யூ 270, வி 240.

காரிலேயே சரிபார்க்க டேப்பும் சாக்பீஸும் போதும். சமதளத்தில் முன் சக்கரத்தின் வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தித் தரையில் கோடு போடுங்கள். வால்வு மறுபடி கீழே வரும்வரை தள்ளி இன்னொரு கோடு. பின் சக்கரத்துக்கும் அப்படியே. 718-இல் பின் சக்கரத்தின் தூரம் ஏழு செ.மீ. அளவுக்குக் கூடுதலாக வர வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் டயர் தப்பு.

டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே பக்கச்சுவரைப் போட்டோ எடுங்கள். தயாரிப்பு வாரம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கம் போய்விட்டால் லிஃப்டில் ஏற்றாமல் தெரியாது. 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்ததிலிருந்து இந்த மாதிரி அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை. பழைய ஸ்டாக்கும் பொருந்தாத அளவும் தலையில் கட்டப்படுவது அதனால்தான். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சரியான அளவு வர மாதக்கணக்கானாலும் காத்திருப்பதே மேல்.

மாட்டும்போது, டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் பீட் பிரேக்கரை வால்வுக்குப் பக்கத்தில் அழுத்த விடாதீர்கள், காற்றழுத்த சென்சார் உடையும். சக்கர போல்ட்டை ஏர் கன்னால் இறுக்கி முடிக்கக் கூடாது. 718-க்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் 160 நியூட்டன் மீட்டர்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: பில்லில் அளவு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கழற்றிய பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியில் முன்பு என்ன அளவு இருந்தது என்பதற்கு அதன் பக்கச்சுவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.