பன்னிய விட்டு பவுடருக்கு: டர்பன்ல 12 வாரம் ஷேக் குடிச்ச கதை

போன வருஷம் ஆகஸ்ட் கடைசில எடை மெஷின் 94.6ன்னு காட்டுச்சு. தரை சரியில்லன்னு மெஷின கொஞ்சம் தள்ளி வச்சு திரும்ப ஏறினேன், 94.8. அதுக்கு மேல தள்ளல. அதே வாரம் ரத்த டெஸ்ட்ல மூணு மாச சர்க்கரை அளவு 6.1ன்னு வந்துச்சு. டாக்டர் வேலூர் பக்கத்துக்காரர், பேப்பர பாத்துட்டு "இன்னும் சுகர் வரல, ஆனா வாசல்ல செருப்ப கழட்டிட்டு நிக்குது"ன்னாரு.

எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி, தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, ஹார்பர் பக்கம் கன்டெய்னர் கிளியரிங் ஆபீஸ்ல வேலை, நாள் பூரா நாற்காலிதான். மதியம் ஆனா ஆபீஸ்ல எல்லாருக்கும் பன்னி. ஊர்ல இருந்து படிக்கிறவங்க பதறாதீங்க, இது பன்னி சௌ, ரொட்டிய வெட்டி நடுவுல குடைஞ்சு உள்ள சூடா கறிக்குழம்ப ஊத்தி குடுப்பாங்க, டர்பன் இந்தியர்கள் கண்டுபிடிச்ச சாப்பாடு. வந்த புதுசுல அம்மாகிட்ட போன்ல "மதியம் பன்னி சாப்ட்டேன்மா"ன்னு சொல்லிட்டேன், அவங்க ரெண்டு நாள் என்கூட சரியாவே பேசல. சரி கணக்குக்கு வரேன், இங்க ஒரு ரொட்டி 700 கிராம், கால் பன்னின்னா 175 கிராம் ரொட்டி, அதுல கறி, எண்ணெய், உருளைக்கிழங்கு எதுவும் சேக்காம வெறும் ரொட்டியே 400 கலோரிக்கு மேல வருது. நான் வாரத்துல மூணு நாள் கால், வெள்ளிக்கிழமை அரை. அப்புறம் மெஷின தள்ளி வச்சு என்ன பிரயோஜனம்.

அப்படித்தான் மால்ல இருக்குற மருந்துக்கடையில, ஒரு வேளை சாப்பாட்டுக்கு பதிலா கலக்கி குடிக்கிற ஷேக் பவுடர் வாங்குனேன். பிராண்ட் பேரு போடல, அந்த அலமாரில இருக்குற ஏழெட்டு டப்பாவும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான், மேல இருக்குற இடுப்பு படம்தான் வேற வேற. 900 கிராம் டப்பா 389 ராண்ட். ஒரு வேளைக்கு 50 கிராம்னா 18 ஷேக், ஒண்ணு இருபத்தொன்றரை ராண்ட் சொச்சம், பால் காசு சேத்தா 27 கிட்ட வரும். மட்டன் பன்னியோட பாத்தா லாபம், வீட்டுல இருந்து சாம்பார் சாதம் கட்டிட்டுப் போறவனுக்கு நஷ்டம்.

வாங்குறதுக்கு முன்னாடி டப்பாவத் திருப்பி பின்னாடி பாருங்க. நான் வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்துல 18 கிராம் புரோட்டீன்னு இருக்கு, பின்னாடி பொடி எழுத்துல "250 மில்லி கொழுப்பு கம்மியான பால்ல கலந்தா"ன்னு இருக்கு. தண்ணில கலந்தா 10தான். மாடு குடுத்த எட்டு கிராமையும் அவன் கணக்குல எழுதிக்கிட்டான். அப்புறம் இங்க லேபிள்ல கிலோஜூல் கணக்குதான் பெருசா இருக்கும், 4.2ஆல வகுத்தா கலோரி. என் டப்பாவுல தண்ணின்னா 780, அதாவது 186 கலோரி, பால்னா 1300, சுமார் 310. பொருள் பட்டியல்ல முதல் பேரு பால் புரோட்டீனா இல்ல மால்டோடெக்ஸ்ட்ரினான்னு பாத்துக்கோங்க, எது அதிகமா போட்டிருக்கோ அத முதல்ல எழுதணும்ங்கறதுதான் முறை, மால்டோடெக்ஸ்ட்ரின் முதல்ல இருந்தா வேகமா சர்க்கரை ஏத்துற மாவுக்கு காசு குடுக்குறீங்கன்னு அர்த்தம்.

ருசி? சாக்லேட் பரவால்ல. வெனிலா மருந்து வாசம். ஸ்ட்ராபெர்ரி பத்தி பேச விரும்பல, குழந்தைங்க அழிரப்பர் மோந்து பாத்திருக்கீங்கள்ல, அத குடிக்க முடிஞ்சா அப்படித்தான் இருக்கும். வீட்டம்மா ஒரு வாய் குடிச்சுட்டு "என்னங்க இது, புள்ளைக்கு ஆத்தி வச்ச செரலாக்க நீங்க எடுத்து குடிக்கிற மாதிரி இருக்கு"ன்னா. ஸ்கூப் எப்பவும் மேல இருக்காது, பவுடருக்குள்ள அடியில புதைஞ்சு கெடக்கும், முழங்கை வரைக்கும் கைய விட்டு தேடணும், வேலைக்குப் போற அவசரத்துல கருப்பு பேன்ட்டோட இத செஞ்சு பாருங்க தெரியும். ஷேக்கர அன்னிக்கே கழுவிடணும். ஒரு வெள்ளிக்கிழமை கார்ல மறந்து வச்சுட்டு திங்கக்கிழமை திறந்தேன், டர்பன் வெயில்ல ரெண்டு நாள் மூடி கெடந்த பால் பவுடர், அந்த மூடிய எத்தன தடவ சோப்பு போட்டும் வாசம் போகல, தூக்கி போட்டுட்டேன்.

முதல் வாரம் வயிறு உப்பி ஒரே சத்தம். மீட்டிங்ல எல்லாரும் அமைதியா இருக்கறப்ப என் வயிறு மட்டும் பேசுது. எதுத்தாப்ல உக்காந்திருந்த ஜூலு நண்பர் லேப்டாப்ல இருந்து தலைய தூக்காமலே சிரிக்கிறாரு. நம்மாளுங்க நிறைய பேருக்கு வளந்தப்புறம் பால்ல இருக்குற லாக்டோஸ்ங்கற சர்க்கரை சரியா செரிக்காது, டீக்கு ஊத்துற பால் ஒண்ணும் பண்ணாது, கால் லிட்டர் பாலோட பால் பவுடரும் ஒரே மூச்சுல உள்ள போனா அப்பதான் தெரியும். பாலுக்கு பதிலா தண்ணி ஊத்துனேன், வயிறு அடங்குச்சு, ஆனா மூணு மணிக்கு பசி காத கிழிச்சுது. புரோட்டீன் 18 போயி 10 ஆச்சுல்ல, அதான். அவிச்ச முட்டை ரெண்டு சேத்துக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள புரட்டாசி பொறந்துருச்சு. இங்க பொறந்து வளந்த தமிழ் ஆளுங்க புரட்டாசி புடிக்கிற மாதிரி நான் தூத்துக்குடிலயே பாத்ததில்ல, தமிழ் ஒரு வரி பேசத் தெரியாது, ஆனா மாசம் பூரா கறி மீன் முட்டை எதுவும் தொட மாட்டாங்க. அவங்க நடுவுல நான் முட்டை உரிச்சுட்டு உக்கார முடியுமா. சனிக்கிழமை டர்பன்லயே சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியால பங்களாதேஷ் மார்க்கெட்னு ஒரு சந்தைக்குப் போயி கொண்டைக்கடலை வாங்கிட்டு வந்து ராத்திரி ஊறப்போட்டு காலைல சுண்டல், அத டப்பால எடுத்துட்டுப் போயி ஷேக்கோட சேத்து சாப்ட ஆரம்பிச்சேன். அன்னியில இருந்துதான் இது வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. மெல்லுறதுக்கு ஏதோ ஒண்ணு வேணும்ங்க, குடிச்சது குடிச்ச மாதிரியே இருக்கு, சாப்ட்ட மாதிரி இல்ல.

நம்பர் கேப்பீங்க. முதல் நாலு வாரம் காலையும் மதியமும் ஷேக், ராத்திரி வீட்டு சாப்பாடு: 94.6ல இருந்து 91.2. இதுல முதல் வாரமே 1.9, பெரும்பாலும் தண்ணி, அத பாத்துட்டு துள்ள வேணாம். எட்டாவது வாரம் 89.7. நடுவுல தீபாவளி வாரம் ஒரு கிராம் கூட இறங்கல, தெருவுல எல்லா வீட்டுல இருந்தும் பலகாரத் தட்டு வருது, தட்ட சும்மா திருப்பி அனுப்ப முடியாது, நாமளும் வச்சு குடுக்கணும், ருசி பாக்காம எப்படி குடுக்குறது. பன்னெண்டாவது வாரம் 88.9. மொத்தம் 5.7 கிலோ.

ராத்திரி சாப்பாட்டுக்கு பதிலாவும் ஷேக் குடிச்சுப் பாத்தேன், ஒம்போதாவது வாரத்துல அஞ்சு நாள். வேணாம். வீட்டுல எல்லாரும் தோசை சாப்பிட நான் மட்டும் ஷேக்கர ஆட்டிட்டு உக்காந்திருக்கேன், என் பொண்ணு என்னைய ஏதோ நோயாளிய பாக்குற மாதிரி பாக்குது, பத்தரை மணிக்கு எந்திரிச்சுப் போயி ஆறிப்போன தோசை மூணு சட்னி இல்லாமலே தின்னேன். மதியம் ஷேக் ஏன் ஒத்துவந்துச்சு, ராத்திரி ஏன் ஒத்துவரலன்னா, மதியம் நான் பன்னி தின்னது பசில இல்ல, கூட்டத்தோட கிளம்பிப் போன பழக்கத்துல. கைல ஏற்கனவே ஒண்ணு இருந்ததால கடை வரைக்கும் போகல, அவ்வளவுதான். இந்த பவுடர்ல கொழுப்ப கரைக்கிற மாயம் எதுவும் கிடையாது, ஒரு வேளை என்ன சாப்பிடலாம்னு யோசிக்கிற வேலைய அது எடுத்துக்கிச்சு.

பக்கத்து வீட்டு ஆயா இங்கயே நாலு தலைமுறை, பேசுறது இங்கிலீஷ், நடுவுல ரசம், புளி, தாத்தான்னு தமிழ் எட்டிப் பாக்கும். அவங்க ஷேக்கர பாத்துட்டு "இதுக்கு எதுக்கு காசு, நம்ம மாரியம்மன் கூழே போதுமே"ன்னாங்க. ஆடில இங்க கோயில் கோயிலா கூழ் ஊத்துவாங்க, கேப்பைக்கு பதிலா மக்காச்சோள மாவு, எனக்கும் ரொம்ப புடிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஊர்ல இருந்து வாட்ஸ்அப்ல வர்ற பாதி மெசேஜும் இதத்தான் சொல்லுது. ஆனா 50 கிராம் சோள மாவுல புரோட்டீன் நாலு கிராம் தேறுனா பெருசு, மீதி அத்தனையும் மாவுச்சத்து. காட்டுல கரும்பு வெட்டப் போன ஆளுக்கு அது சரி, நாற்காலில உக்காந்து இன்வாய்ஸ் பாக்குற எனக்கு சரிப்படாது. ஆயாகிட்ட இத சொல்லல, தலைய ஆட்டிட்டு ஒரு சொம்பு குடிச்சுட்டு வந்தேன்.

"டாக்டருங்களே ஆராய்ச்சி பண்ணி சுகர ஷேக்ல விரட்டிட்டாங்க"ன்னு விக்கிறவங்க சொல்றதும் காதுல விழும். அது டைரக்ட்னு ஒரு பிரிட்டன் ஆராய்ச்சி, கிளாஸ்கோ, நியூகாசில் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணது, 2017ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. பொய் இல்ல. ஷேக், சூப் மட்டும், நாளைக்கு 825ல இருந்து 853 கலோரி, மூணுல இருந்து அஞ்சு மாசம். ஒரு வருஷம் கழிச்சு பாத்தப்ப அந்தக் குழுவுல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் அது 36 ஆச்சு. ஆனா விக்கிறவன் சொல்லாம விடுற பகுதி, சேந்தவங்க யாரும் இன்சுலின் போடுறவங்க கிடையாது, முதல் நாளே சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் டாக்டர் பாத்து நிறுத்துனாங்க, சாப்பாட்ட திரும்ப கொண்டு வர்றதையே வாரக்கணக்குல படிப்படியா பண்ணாங்க, அப்புறமும் மாசாமாசம் ஆள் பாத்தாங்க. மால்ல டப்பா வாங்குற நமக்கு யாரு இருக்கா, காசு வாங்குற பொண்ணு "பை வேணுமா"ன்னு கேக்கும், அவ்வளவுதான்.

அந்த மாத்திரை விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. என் மச்சான் இங்க டர்பன் பக்கம் பீனிக்ஸ்ல இருக்காரு, சுகருக்கு கிளிக்ளாசைடு போடுறவர், நான் இளைச்சத பாத்துட்டு யாருகிட்டயும் சொல்லாம மாத்திரையும் போட்டு ரெண்டு வேளை ஷேக்கும் ஆரம்பிச்சுட்டாரு. நாலாவது நாள் மதியம் அக்கா போன் பண்றா, "ஆளு கை நடுங்குதுடா, சட்ட பூரா வேர்வை, என்னமோ உளர்றாரு". சர்க்கரை பாக்குற மெஷின்ல இங்கத்த கணக்குல 3.4, ஊர் கணக்குல 61. ஆரஞ்சு ஜூஸ் குடுத்து கால் மணி நேரத்துல தெளிஞ்சாரு. அந்த மாத்திரை சாப்பாடு வருதோ இல்லையோ இன்சுலின சுரக்க வச்சுரும், வழக்கமான அளவு சோறு உள்ள போகலன்னா சர்க்கரை தடால்னு இறங்கிரும். கிட்னி பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பித்தப்பைல கல் இருந்தவங்களும் டாக்டர கேக்காம தொடாதீங்க, வேகமா எடை இறங்குனாலே பித்தப்பைல கல் சேர வாய்ப்பு இருக்கு.

இன்னொரு கூட்டம் இருக்கு, "கிளப்"ன்னு சொல்லி காலைல கூப்பிட்டு ஒரு ஷேக் இலவசமா குடுப்பாங்க. ஒரு நாள் போனேன். எடை பாத்தாங்க, ஷேக் குடுத்தாங்க, கைதட்டுனாங்க, கடைசில எனக்குக் கீழ எத்தன பேர சேத்துவிட முடியும்னு கேட்டாங்க. நான் இளைக்க வந்தேனா கடை போட வந்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு, வண்டி தப்பான இடத்துல நிக்குதுன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன்.

நிறுத்துனப்புறம் என்ன ஆச்சுன்னா, டிசம்பர்ல ஆபீஸ் லீவு, தினம் யாரோ ஒருத்தர் வீட்டு முத்தத்துல பிராய், அதான் கறி சுடுற அடுப்பு, ஜனவரி நடுவுல 91.3. ரெண்டரை கிலோ கிட்ட திரும்பி வந்துருச்சு. 1988ல அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே இதே மாதிரி திரவ உணவு குடிச்சு 30 கிலோ இளைச்சு, அந்த அளவு கொழுப்ப ஒரு சின்ன வண்டில இழுத்துட்டு டிவில வந்தாங்க, அப்புறம் அத்தனையும் திரும்ப ஏறுச்சு. அவங்களுக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்.

இப்ப என் ஏற்பாடு, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் மதியம் ஒரு ஷேக், லாக்டோஸ் எடுத்த பால்ல, கூட சுண்டல் இல்லாட்டி முட்டை. வெள்ளிக்கிழமை பன்னி, ஆனா கால், அதுவும் பீன்ஸ் பன்னி. சனிக்கிழமை காலைல நார்த் பீச்ல பார்க்ரன்னு எல்லாரும் சேந்து ஓடுற அஞ்சு கிலோமீட்டர், டர்பன்ல இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊர் வரைக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுற மனுஷங்க பக்கத்துல ஓட நான் மூச்சு வாங்கி நடக்குறேன். எடை 90.1, மூணு மாச சர்க்கரை 5.8. டாக்டர் பேப்பர பாத்துட்டு "செருப்ப மாட்டிக்கிட்டு இருக்கு, இன்னும் கேட்ட தாண்டல"ன்னாரு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கலாம், ஒரு ஸ்டார் ஸ்ட்ராபெர்ரிக்காகவே குறைச்சேன். அது பாதி டப்பா இன்னும் அலமாரில இருக்கு, சாட்ஸ்வொர்த் பக்கம் யாருக்காச்சும் வேணும்னா காசு வேணாம், வந்து எடுத்துட்டுப் போங்க, ஸ்கூப் உள்ளதான் எங்கயோ கெடக்கு.